கிளமிடியா, கொனோரியா டெஸ்ட்: ஹட்டன் பக்கம் நான் போன இரண்டு இடங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கிளமிடியாவும் கொனோரியாவும் உறவு மூலம் தொற்றுகிற நோய்கள், அவற்றுக்கு டெஸ்ட் எடுக்க நான் போன இரண்டு இடங்களைப் பற்றியது இது. ஒன்று டவுனில் இருக்கிற ஒரு தனியார் லேப். மற்றது அரசாங்க ஆஸ்பத்திரிக்குள் இருக்கிற பாலியல் நோய் கிளினிக், எல்லோரும் எஸ்டிடி கிளினிக் என்று சொல்வது. இரண்டின் பெயரையும் போடவில்லை. எங்கள் டவுன் சின்னது, லேப் பெயரைச் சொன்னால் கவுண்டரில் இருக்கும் பிள்ளை யார் என்று தெரிந்துவிடும், கொஞ்சம் யோசித்தால் நான் யார் என்றும் தெரிந்துவிடும். பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நான் பட்டது அந்த ஒரு லேப்பில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை.

நான் இலங்கை மலைநாட்டில் ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன், முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். கல்யாணமாகி மூன்று வருடம். அவருக்குக் கொழும்பில் ஹார்ட்வெயார் கடையில் வேலை, மாதம் ஒரு முறை வருவார், தீபாவளி பொங்கல் என்றால் கூட இரண்டு நாள் நிற்பார். போன வருடம் மழை தொடங்கின நேரத்தில் எனக்கு அடிவயிற்றில் ஒரு மந்தமான வலி வந்தது. சிறுநீர் போகும்போது லேசான எரிவு, வெள்ளைப்படுவது நிறம் மாறி மஞ்சளாக, அவர் வந்து போன பிறகு துணியில் ஒரு துளி இரத்தம். மாமியாரிடம் எரிவை மட்டும்தான் சொன்னேன். சூடு பிடித்திருக்கிறது என்று வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார், ஒரு வாரம் மிளகாயைக் குறைத்துச் சமைத்தார். அவருக்குத் தெரிந்தது அது, அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஒரு வாரம் பார்த்துவிட்டு டவுன் லேப்புக்குப் போனேன். "யூரின் ஃபுல் ரிப்போர்ட் எடுத்துருவமா" என்று கவுண்டரிலேயே முடிவு செய்தார்கள். போத்தலைக் கையில் கொடுத்து, "முதல்ல வர்றத விட்டுட்டு நடுவுல வர்றத மட்டும் புடிங்க" என்றார்கள். அப்படியே செய்தேன். ரிப்போர்ட்டில் பஸ் செல்ஸ் கொஞ்சம் கூட, அதாவது சிறுநீரில் சீழ்செல் இருக்கிறது என்று வந்தது. அதை எடுத்துக்கொண்டு பார்மசிக்குப் போனேன், சிப்ரோஃப்ளொக்சசின் ஐந்து நாளைக்குக் கொடுத்தார்கள். நாலு நாள் நன்றாக இருந்த மாதிரி இருந்தது, அப்புறம் பழையபடி வலி. இரண்டாவது தடவை ஃபுல் ரிப்போர்ட்டோடு யூரின் கல்ச்சரும் எடுத்தேன், அதாவது சிறுநீரைத் தட்டில் வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது. கல்ச்சரில் ஒரு கிருமியும் வளரவில்லை என்று வந்தது. சந்தோஷப்பட்டேன். வலி மட்டும் போகவில்லை. மூன்றாவது தடவையும் அதே ஃபுல் ரிப்போர்ட், அதே சீழ்செல்.

இந்த இடத்தில் நிறுத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும், நான் இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். யூரின் ஃபுல் ரிப்போர்ட்டில் கிளமிடியா தெரியாது, கொனோரியாவும் தெரியாது. சீழ்செல் இருப்பது மட்டும் தெரியும், அது ஏன் வந்தது என்று அந்தக் காகிதம் சொல்லாது. சாதாரண யூரின் கல்ச்சரிலும் இந்த இரண்டும் வளராது. கிளமிடியா நம் உடம்புச் செல்லுக்குள்ளே புகுந்து வாழ்கிற கிருமி, உயிருள்ள செல் இல்லாத தட்டில் என்ன ஊற்றி வைத்தாலும் அது வளராது. கொனோரியாக் கிருமி வளரும், ஆனால் அதற்கென்று தயாரித்த தட்டும் காற்றும் சூடும் வேண்டும். ஆக "கல்ச்சர் நெகட்டிவ்" என்று நான் நிம்மதியாக இருந்த நாளெல்லாம் அந்த இரண்டையும் ஒருவரும் தேடியே பார்க்கவில்லை.

அப்புறம் அந்த "நடுவில் வருவதைப் பிடிங்க" விஷயம். சாதாரண யூரின் டெஸ்டுக்கு அது சரி. கிளமிடியா, கொனோரியாவைச் சிறுநீரில் தேடுவதென்றால் நேர் எதிர். முதலில் வருகிற 20, 30 மில்லி லீட்டர்தான் வேண்டும், ஏனென்றால் சிறுநீர்க்குழாயில் ஒட்டியிருக்கும் கிருமியை அந்த முதல் வீச்சுதான் கழுவிக்கொண்டு வருகிறது. அதற்கு முன் குறைந்தது ஒரு மணி நேரமாவது சிறுநீர் போகாமல் இருக்க வேண்டும். முதலில் வருவதை விட்டுவிட்டுப் பிடித்தால், தேட வேண்டியதை நாமே கக்கூசில் ஊற்றிவிட்டு மிச்சத்தைப் போத்தலில் கொடுத்த மாதிரி. பெண்களுக்கு அந்த முதல் சிறுநீரை விடவும் ஸ்வாப்தான் நல்லது, பஞ்சு சுற்றின குச்சியால் உள்ளே தடவி எடுப்பது. சிறுநீரில் மட்டும் பார்த்தால் சிலருக்குத் தவறிப்போகும்.

நாலாவது தடவை நானே துணிந்து கவுண்டரில் கேட்டேன், இணையத்தில் வாசித்துவிட்டுப் போயிருந்தேன். "கிளமிடியா பார்க்கலாமா?" மெதுவாகத்தான் கேட்டேன். அந்தப் பிள்ளை உள்ளே திரும்பி, "இங்க கிளமிடியா கேக்குறாங்க, ரேட் என்ன?" என்று கூப்பிட்டுக் கேட்டாள். பெஞ்சில் எங்கள் பக்கத்து டிவிஷன் ஆட்கள் இரண்டு பேர். அவர்களுக்கு அந்த வார்த்தை விளங்கியிருக்காது, ஆனால் எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்தப் பிள்ளைக்கு இருபது வயது இருக்கும், வேணுமென்று செய்யவில்லை. இந்த மாதிரிக் கேள்வி வந்தால் குரலைத் தாழ்த்த வேண்டும், ரேட்டைக் காகிதத்தில் எழுதிக் காட்டலாம் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியது லேப் நடத்துகிறவர்.

எடுத்தது என்ன தெரியுமா? இரத்தம். கிளமிடியா ஐஜிஜி, ஐஜிஎம் என்று இரண்டு. கொழுந்து எடுக்கிற என் நாத்தனாரின் நாலைந்து நாள் சம்பளம் அளவுக்குக் காசு போனது. ஐஜிஜி பாசிட்டிவ் என்று வந்த அன்று இரவு நான் தூங்கவில்லை. அவரிடம் சொல்லவும் இல்லை. லயத்தில் சுவர் மெல்லிசு, போனில் அழுதால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும், அதனால் தண்ணீர்ப் பீலி வரைக்கும் நடந்துபோய் நின்றேன்.

கண்டியில் தாதியாக இருக்கிற பெரியம்மா மகளுக்குத்தான் கடைசியில் போன் எடுத்தேன்.

"உனக்கு ஸ்வாப் எடுத்தாங்களா?"

"இல்லக்கா, யூரினும் ரத்தமும்தான்."

"அப்ப கிளமிடியாவ இன்னும் பாக்கவே இல்லடி."

அக்கா விளக்கினார். இரத்தத்தில் பார்ப்பது கிருமியை இல்லை, கிருமியைக் கண்டு உடம்பு செய்துவைத்த எதிர்ப்பொருளை. அது எப்போதோ வந்துபோன தொற்றுக்கும் வருடக்கணக்கில் பாசிட்டிவ் காட்டலாம். சளி, நிமோனியா கொடுக்கிற வேறு வகைக் கிளமிடியா ஒன்று இருக்கிறது, அதைக் கண்டும் சில சமயம் காட்டும். இப்போது கர்ப்பப்பை வாயில் தொற்று இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அந்த இரத்த டெஸ்ட் உதவாது. வேண்டியது பிசிஆர், கிருமியின் மரபணுவையே தேடுகிற டெஸ்ட், நாட் என்றும் சொல்வார்கள். ஒரே ஸ்வாப்பில் கிளமிடியா, கொனோரியா இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள். "காச அங்க கொட்டாத, எஸ்டிடி கிளினிக்குக்குப் போ. டொக்டர் எழுதித் தர்ற துண்டு ஒண்ணும் வேணாம், காசும் வேணாம், பேரு வெளிய போகாது" என்றார்.

இனி கிளினிக்.

பஸ் இரண்டு மாறினேன், ஆஸ்பத்திரி கேட்டில் இறங்கி அரை மணி நேரம் தேடினேன். இதுதான் என் முதல் குறை. போர்டு இருந்தது, சிங்களத்தில் பெரிதாக, ஆங்கிலத்தில் கீழே. தமிழில் இல்லை. தோட்டத்திலிருந்து வருகிற ஒரு பெண் இந்த இடத்தை வாயால் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றால், அவள் யாரிடம் கேட்பாள்? செக்யூரிட்டியிடமா? நான் ஓபிடியில் வேலை செய்கிற ஒரு அக்காவிடம் கிளினிக் பெயரைச் சொல்லாமல், கட்டிட நம்பரைச் சொல்லிக் கேட்டேன், அந்த நம்பரைக் கண்டி அக்கா முன்கூட்டியே விசாரித்துத் தந்திருந்தார். மூன்று மொழியில் ஒரு போர்டு போடுவது பெரிய செலவு இல்லை. தயவுசெய்து போடுங்கள்.

உள்ளே போன பிறகு எனக்குக் குறை சொல்ல அதிகம் இல்லை. அடையாள அட்டை கேட்டு நச்சரிக்கவில்லை. ஒரு அட்டை போட்டு அதில் நம்பர் எழுதினார்கள், அதன் பிறகு கூப்பிட்டதெல்லாம் நம்பர்தான். உட்காரும் இடத்தில் ஏழெட்டுப் பேர், ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்கவில்லை, ஒரு வயதான ஐயா மட்டும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். தாதி மிஸ் பதுளைப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை. டொக்டர் சிங்களப் பெண், தமிழ் மெதுவாகப் பேசினார், வார்த்தை கிடைக்காத இடத்தில் மிஸ்ஸைப் பார்ப்பார். மூன்றாவது ஆளை உள்ளே எடுக்கவில்லை, எனக்கு அது பெரிய விஷயம்.

கேள்விகள் நேரடியாக இருக்கும், தயாராகப் போங்கள். கடைசியாகச் சேர்ந்தது எப்போது, கொண்டம் பாவித்தீர்களா, வாயால் உண்டா, அவரைத் தவிர வேறு யாரும் உண்டா, அவருக்கு உண்டா என்று தெரியுமா. எனக்கு முகம் எரிந்தது. அப்போது டொக்டர், ஏன் கேட்கிறேன் என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னார். கொனோரியா தொண்டையிலும் இருக்கும், அங்கே இருந்தால் பெரும்பாலும் ஒரு வலியும் காட்டாது, அதனால் வாயால் உண்டு என்றால் தொண்டையிலும் ஸ்வாப் எடுக்க வேண்டும், பின்பக்கம் உண்டு என்றால் அங்கேயும். நாள் கேட்பது ஏனென்றால், தொற்றி ஓரிரு நாளிலேயே டெஸ்ட் எடுத்தால் பிடிபடாமல் போகலாம், அறிகுறி ஒன்றும் இல்லாதவர்கள் இரண்டு வாரம் கழித்து எடுத்தால் நம்பலாம். காரணம் தெரிந்த பிறகு பதில் சொல்வது லேசாக இருந்தது.

கர்ப்பம் இருக்கிறதா என்று முதலில் யூரினில் பார்த்தார்கள், பிறகு திரைக்குப் பின்னால் படுக்கச் சொன்னார்கள். அன்று காலை நல்ல குளிர், வெளியே பனிமூட்டம் ஜன்னல் வரைக்கும் வந்து நின்றது. உள்ளே வைத்துப் பார்க்கிற அந்தக் கருவி இரும்பு, தொட்டாலே சில்லென்று இருக்கும். மிஸ் அதைச் சுடுதண்ணீரில் பிடித்து, தன் கையின் பின்பக்கத்தில் வைத்துப் பார்த்து, அப்புறம்தான் டொக்டரிடம் கொடுத்தார். "தங்கச்சி, மூச்ச நல்லா வெளிய விடுங்க" என்றார். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிஷம் இருக்கும். வலிக்கவில்லை, சங்கடமாக இருந்தது, அவ்வளவுதான். டொக்டர் கையால் அழுத்திப் பார்த்தபோது மட்டும் ஒரு இடத்தில் துள்ளிவிட்டேன், அவர் முகம் மாறியது.

டொக்டர் எடுத்த ஒரு ஸ்வாப்பைக் கண்ணாடித் துண்டில் தேய்க்காமல் மெதுவாக உருட்டினார். தேய்த்தால் செல்கள் உடைந்துவிடுமாம். பக்கத்து அறைதான் லேப், கதவு பாதி திறந்திருந்தது, உடுப்பு மாற்றிவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தபோது பார்த்துக்கொண்டிருந்தேன். லேப்பில் டெஸ்ட் செய்கிற எம்எல்டி கண்ணாடித் துண்டுக்குச் சாயம் ஊற்றினார், ஊதா நிறம், பிறகு கழுவி, பிறகு சிவப்பு. இன்னொரு பக்கம் சாக்லேட் நிறத்தில் ஒரு தட்டு, அதில் ஸ்வாப்பை இழுத்துக் கோலம் போட்ட மாதிரி கோடு போட்டு, மூடியுள்ள ஒரு பெரிய கண்ணாடி ஜாடிக்குள் வைத்தார். அதற்குள்ளே ஒரு சின்ன வெள்ளை மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்து மூடியை இறுக்கினார். சுடர் சின்னதாகி, நீலமாகி, அணைந்தது. சாமி காரியத்துக்கு இல்லாமல் ஆஸ்பத்திரியில் மெழுகுவர்த்தி எதற்கு என்று மிஸ்ஸிடம் கேட்டேன். கொனோரியாக் கிருமிக்கு நம் காற்றில் உள்ளதை விடக் கூடுதலாகக் கரியமில வாயு வேண்டும், சுடர் எரிந்து அணைந்தால் ஜாடிக்குள் அது சேர்ந்துவிடும், அப்புறம் ஜாடியை உடம்புச் சூட்டில் இருக்கிற பெட்டியில் வைப்பார்கள். குளிரும் காய்வதும் தாங்காத கிருமி அது, ஸ்வாப் காய்ந்துபோனாலே செத்துவிடும். அப்படிப்பட்டதைத்தான் நான் சாதாரண யூரின் போத்தலில் தேடச் சொல்லிக் காசு கட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த அறைச் சுவரில் ஒரு படம் இருந்தது. சீழ்செல்லுக்குள் சிவப்பாக, இரண்டிரண்டாக, கொனோரியாக் கிருமி. இரண்டு காப்பிக்கொட்டையைத் தட்டையான பக்கத்தை ஒட்டி வைத்தால் எப்படி இருக்கும், அதே மாதிரி. எங்கள் லயத்துக்குப் பின்னால் இன்னும் நாலு காப்பிச்செடி நிற்கிறது, பழம் பிதுக்கினால் உள்ளே அப்படித்தான் இருக்கும், அதனால் அந்தப் படம் எனக்கு மறக்கவில்லை. 1879இல் இதைக் கண்டுபிடித்த ஆல்பர்ட் நைசர் என்ற ஜெர்மன் மருத்துவரின் பெயர்தான் அந்தக் கிருமிக்கு, நைசீரியா. ஊரில் பெரியவர்கள் வெட்டை என்று சொல்வது இதைத்தான்.

என் கண்ணாடித் துண்டில் அது இல்லை என்று அன்றைக்கே சொன்னார்கள். ஆனால் அதை வைத்து டொக்டர் முடிவு சொல்லவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது. சீழ் வடிகிற ஆணுக்கு மைக்ரோஸ்கோப் பார்வை கிட்டத்தட்ட எப்போதும் சரியாகப் பிடிக்கும், பெண்ணுக்குப் பாதிப் பேரைத் தவறவிட்டுவிடும், அதனால் தட்டு வளர்வதையும் பார்க்க வேண்டும் என்றார். கிளமிடியா இந்த மைக்ரோஸ்கோப்பில் தெரியவே தெரியாது, அதற்கு எடுத்த ஸ்வாப் தனியாகக் கொழும்புக்குப் போகும் என்றார். இரத்தம் சிபிலிசுக்கும் எச்ஐவிக்கும். பிள்ளை பெற்றவர்களுக்கு இது தெரிந்திருக்கும், கர்ப்பிணிக் கிளினிக்கில் எடுக்கிற வீடிஆர்எல் சிபிலிசுக்குப் பார்க்கிற அந்த இரத்த டெஸ்ட்தான். தாயிலிருந்து பிள்ளைக்கு எச்ஐவியும் சிபிலிசும் போவதைத் தடுத்ததற்கு 2019இல் நம் நாட்டுக்கு உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது, மிட்வைஃப் மிஸ்மார் லயம் லயமாக ஏறி இறங்கியதற்கு அதில் பங்கு இருக்கிறது. ஆனால் அந்த இரத்தத்தில் கிளமிடியா பார்த்தாயிற்று என்று நினைத்துவிடாதீர்கள், நான் அப்படி நினைக்கிற பெண்கள் பலரோடு பேசியிருக்கிறேன்.

ரிப்போர்ட் வரும்வரை மருந்துக்குக் காக்க வைக்கவில்லை. அழுத்தினபோது வலித்தது என்றால் தொற்று மேலே கர்ப்பப்பைக்கும் குழாய்க்கும் ஏறியிருக்கலாம், குழாய் அடைபட்டால் பிள்ளை தங்காது, தங்கினாலும் குழாயிலேயே தங்கி உயிருக்கு ஆபத்தாகலாம், அதனால் இன்றைக்கே தொடங்க வேண்டும் என்றார் டொக்டர். செஃப்ட்ரியாக்சோன் ஊசி ஒன்று, டொக்சிசைக்ளின் 100 மில்லி கிராம் காலையும் இரவும் 14 நாள், அதோடு மெட்ரோனிடசோல். மேலே ஏறாத சாதாரணக் கிளமிடியா என்றால் டொக்சி ஏழு நாள் போதும், கர்ப்பிணிக்கு அது கொடுக்க மாட்டார்கள், அசித்ரோமைசின் கொடுப்பார்கள். டொக்சியைச் சாப்பிட்டுவிட்டு நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், விழுங்கின உடனே படுக்கக் கூடாது, நெஞ்சுக்குழாய் புண்ணாகும். வெயில் பட்டால் தோல் எரியும், மலையில் வேலை செய்கிறவர்கள் கையையும் கழுத்தையும் மூடிக்கொள்ள வேண்டும். இவ்வளவையும் மிஸ் தமிழில் ஒரு துண்டில் எழுதித் தந்தார், கையெழுத்து அழகு.

பார்மசியில் தந்த சிப்ரோவைப் பற்றிக் கேட்டேன். கொனோரியாவுக்கு ஒரு காலத்தில் பெனிசிலின் கேட்டது, அப்புறம் டெட்ராசைக்ளின், அப்புறம் சிப்ரோ, ஒவ்வொன்றுக்கும் கிருமி பழகிவிட்டது, இப்போது பெரும்பாலும் ஊசிதான் என்றார். தட்டில் வளர்ப்பது அதற்கும் உதவுகிறது, வளர்ந்த கிருமிக்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கலாம். பிசிஆர் அதிகமாகப் பிடிக்கும், ஆனால் எந்த மருந்து கேட்கும் என்று அதில் பார்ப்பதில்லை. சீழ் வடிகிறது என்று பார்மசியில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு வேலைக்குப் போகிற தம்பிமார் நிறையப் பேர் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். சீழ் நின்றுவிடலாம், தொற்று நின்றது என்று அர்த்தம் இல்லை.

ரிப்போர்ட் வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. இது இரண்டாவது குறை. போனில் சொல்ல மாட்டார்கள், இரகசியம் காக்க அது சரிதான், ஆனால் மறுபடி இரண்டு பஸ், மறுபடி ஒரு நாள் லீவு. எனக்கு லீவு எடுக்கலாம். கொழுந்து எடுக்கிறவளுக்கு அன்றைக்குப் பேர் இல்லை, அதாவது அன்றைய சம்பளம் இல்லை, எங்கே போனாய் என்று கங்காணிக்குப் பதில் சொல்ல வேண்டும். மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது திறந்தால் எத்தனை பேர் வருவார்கள்.

கொனோரியா நெகட்டிவ். கிளமிடியா பாசிட்டிவ்.

நான் டொக்டரிடம் முதலில் கேட்டது மருந்தைப் பற்றி இல்லை. "இது எப்ப வந்திருக்கும் டொக்டர்?" என்றுதான் கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பேசினார். இந்த டெஸ்ட் இருக்கா இல்லையா என்று மட்டும்தான் சொல்லும், எப்போது வந்தது, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று சொல்லாது. பெண்களில் பத்துப் பேரில் ஏழு பேருக்கு அறிகுறியே வராது, ஆண்களில் பாதிப் பேருக்கு வராது, மாதக்கணக்கில், ஒரு வருடத்துக்கு மேலும் சத்தமில்லாமல் இருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் வந்ததாகவும் இருக்கலாம். இந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் வழக்கு நடத்த முடியாது, இரண்டு பேரும் மருந்து எடுக்க வேண்டும், அது மட்டும் இன்றைக்கு முடிவாக வேண்டியது என்றார். அவருக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு துண்டு தந்தார், அதில் என் பெயர் இல்லை, நோயின் பெயரும் இல்லை, ஒரு குறியீடு மட்டும்.

அன்று இரவு அவருக்குப் போன் எடுத்தேன், பீலியடியில் நின்றுதான். அவர் நீண்ட நேரம் பேசவில்லை. கல்யாணத்துக்கு ஒரு வருடம் முன்னால் ஒன்று இருந்தது என்று சொன்னார். எனக்குக் கோபம் வந்தது, இரண்டு நாள் போன் எடுக்கவில்லை. மூன்றாவது நாள் அவரே துண்டின் படத்தைக் காட்டி, கொழும்பு டி சேரம் பிளேசில் இருக்கிற மத்திய கிளினிக்குக்குப் போய் டெஸ்டும் கொடுத்து மருந்தும் எடுத்துவிட்டு வந்து சொன்னார். அவருக்கு ஒரு அறிகுறியும் இருந்ததில்லை. இரண்டு பேரும் மருந்தை முடிக்கும்வரை சேரக் கூடாது, ஒருவர் மட்டும் எடுத்தால் மற்றவரிடமிருந்து திரும்பி வரும். எங்களுக்கு இடையில் அவ்வளவு தூரம் இருந்ததால் அந்த விதியைக் காப்பது கஷ்டமாக இல்லை.

மருந்து முடிந்த உடனே போய் மறுபடி டெஸ்ட் எடுக்காதீர்கள், நான் கேட்டேன், வேண்டாம் என்றார்கள். செத்த கிருமியின் மரபணு மூன்று நாலு வாரம் வரைக்கும் கிடக்கும், பிசிஆர் அதையும் பாசிட்டிவ் என்று காட்டிவிடும். மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்கள், புதிதாகத் தொற்றியிருக்கிறதா என்று பார்க்க. அந்தத் தடவை கருவி இல்லை, குச்சியைத் தந்து கழிப்பறையில் நானே எடுத்து வரச் சொன்னார்கள். இரண்டு அங்குலம் உள்ளே விட்டு, மெதுவாகச் சுற்றி, குழாய்க்குள் போட்டு, குறி இருக்கிற இடத்தில் உடைத்து மூட வேண்டும். நாமே எடுத்தாலும் டொக்டர் எடுத்ததற்குக் குறையாமல் பிடிக்கிறது. இது முடியும் என்று தெரிந்தால் பாதிப் பெண்களுக்குப் பயம் போய்விடும்.

லேப்புக்கு நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பிறகு ஒரு நாள் வேறு விஷயமாகப் போனபோது கேட்டேன், கிளமிடியா கொனோரியா பிசிஆர் அவர்களிடமும் இருக்கிறதாம், கொழும்புக்கு அனுப்பிச் செய்வார்கள், விலை கிட்டத்தட்ட இரண்டு வாரக் கொழுந்துச் சம்பளம். இருந்தும் எனக்கு இரத்தத்தைத்தான் எடுத்தார்கள், ஏனென்றால் நான் "கிளமிடியா" என்று மட்டும் கேட்டேன், அவர்கள் பட்டியலில் அந்தப் பெயரில் முதலில் இருந்தது அது. ஆகத் தனியாரில்தான் எடுக்க வேண்டும் என்ற நிலைமை இருந்தால் பிசிஆர் என்று சொல்லிக் கேளுங்கள், ஸ்வாப்பா முதல் சிறுநீரா என்று கேளுங்கள், இரத்தம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

நட்சத்திரம் போடுவதென்றால் லேப்புக்கு ஐந்தில் ஒன்று, கையில் இரத்தம் எடுத்த பிள்ளை ஒரே குத்தில் எடுத்தாள், அதற்கு. கிளினிக்குக்கு நாலு. போர்டுக்கும் அந்த இரண்டு வாரத்துக்கும் ஒன்றைக் கழித்திருக்கிறேன், தமிழில் போர்டு வந்த அன்று திரும்பிப் போடுவேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020இல் மட்டும் உலகத்தில் 12 கோடி 90 லட்சம் பேருக்குப் புதிதாகக் கிளமிடியா, 8 கோடி 20 லட்சம் பேருக்குக் கொனோரியா. அமெரிக்காவில் 24 வயதும் அதற்குக் கீழும் உள்ள பெண்கள் உறவு வைப்பவர்களாக இருந்தால் அறிகுறி இல்லாவிட்டாலும் இதைப் பார்க்கச் சொல்கிறார்கள். எங்கள் பக்கம் நோவு வந்து, வெந்தயம் குடித்து, மூன்று ரிப்போர்ட் எடுத்து, அப்புறம் ஒரு அக்கா தாதியாக இருந்தால்தான் தெரிகிறது. எனக்கு அக்கா இருந்தார்.

என் மூன்று மாத ரிப்போர்ட் நெகட்டிவ். போன வாரம் முன்பள்ளி விட்ட பிறகு ஒரு பிள்ளையின் அம்மா தயங்கித் தயங்கி நின்றாள், "டீச்சர், யூரின் ரிப்போர்ட்ல ஒண்ணுமில்லங்கிறாங்க, ஆனா வலி நிக்கல" என்றாள். வருகிற செவ்வாய்க்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். ஆறரை பஸ்ஸைப் பிடித்தால் எட்டரைக்கு அங்கே நிற்கலாம், புறப்படும்போது சிறுநீர் போய்விட்டு வா, அங்கே போய்ச் சேரும்வரை போகாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.